நடத்துநரின் விளக்கம்

மார்ச் 3, திங்கள்

காலை 5.50 எழுந்தேன். கேஸ் மாத்திரை. 6.15 காபி. போட்டது மருமகள்.

இந்த வீட்டில் ஏதோ சரியில்லை. அதனால் இன்றிலிருந்து எழுதி வைக்கிறேன். அரசு பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். வாயால் சொன்னால் எவனும் மறுத்துவிடுவான், நாளும் நேரமும் போட்டு எழுதினால் மறுக்க முடியாது. எழுதுவதற்கென்று நோட்டு வாங்கவில்லை. ஓய்வு பெற்றபோது கையோடு வந்த பழைய செக்கிங் ரிப்போர்ட் புத்தகம் பீரோ மேல் கிடந்தது. பக்கத்தின் மேலே நாள், நேரம், இடம். நடுவில் 'கண்ட குறைபாடுகள்'. அடியில் 'நடத்துநரின் விளக்கம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கு இப்போது வேலையில்லை. சர்வீஸில் இருந்தபோதும் பெரிதாக வேலை இருந்ததில்லை.

கண்ட குறைபாடு: என் நெஞ்சு. ஐந்து வாரமாக அது ஒழுங்காக அடிக்கவில்லை. வரிசையாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஒரு அடி விட்டுப்போகும். பிறகு விட்டதற்கும் சேர்த்து ஒரு பெரிய குத்து. அறுபத்தெட்டு வருடம் ஒழுங்காக ஓடிய வண்டி, ஐந்து வாரத்தில் தானாகக் கெடுமா? யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். என் மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகன் கோமதிநாயகம் மஸ்கட்டில். மருமகள் பகவதி கல்யாணமாகி வந்து பதினாலு மாதம். பாளையங்கோட்டையிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை. மருந்துப் படிப்பு படித்தவள். ஐந்து வாரத்துக்கு முன்னால் பிரஷர் டாக்டர் எனக்குப் புதிதாக ஒரு நீர் மாத்திரை எழுதினார். அன்றைக்கே இவள், "ஒண்ணு போட்டமா ரெண்டு போட்டமான்னு கொழப்பிக்கிடுவீங்க மாமா" என்று ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளே நிரப்பி வைக்கிறாள். டப்பா வந்தது, படபடப்பும் வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

மகன் இருபதாம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் ரிப்போர்ட்டை முடித்து அவன் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை நான் இருக்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

5.50. கேஸ் மாத்திரை. காபி.

இடது கண் இமை காலையிலிருந்து துடிக்கிறது. கெண்டைக்காலில் பிடிப்பு. நொண்டியதை அவள் பார்த்துவிட்டாள்.

"கால் இழுக்குதா மாமா? அடிக்கடி வருதோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒடம்புல மக்னீசியம் கொறஞ்சா இப்படி இழுக்கும். நெஞ்சு படபடன்னு வருமா? ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்திரலாமே."

படபடப்பைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளாகவே கேட்கிறாள். டிக்கெட் எடுக்காதவன்தான் செக்கிங் வருதா என்று முதலில் விசாரிப்பான்.

மார்ச் 6, வியாழன்

5.50. கேஸ் மாத்திரை.

இன்று கஞ்சியின் மேல் பச்சையாக ஏதோ ஒரு பொடி மிதந்தது. கேட்டேன். "பூசணி விதை மாமா. வறுத்துப் பொடிச்சுப் போட்டேன். மக்னீசியம் இருக்கு அதுல" என்றாள். இரண்டாம் முறையாக அந்தப் பெயர்.

மக்னீசியம் எனக்குத் தெரியாததல்ல. எட்டாம் வகுப்பில் சயின்ஸ் வாத்தியார் ஒரு நாடாவை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திக் காட்டினார். வகுப்பே வெள்ளையாகிப் போனது. முன்பெஞ்சில் இருந்த எனக்குச் சாயங்காலம்வரை கண்ணில் பச்சைப் புள்ளி. சிவகாசி ரூட்டில் நான் நாலு வருடம் ஓடியிருக்கிறேன். பட்டாசில் வெள்ளை வெளிச்சத்துக்கு எதைக் கலக்கிறார்கள் என்று அங்கே டீக்கடையில் உட்காருகிறவனுக்குக்கூடத் தெரியும். மத்தாப்பு மருந்தை மாமனார் கஞ்சியில் போடுகிறாள், அதையும் சிரித்த முகமாகச் சொல்கிறாள்.

தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். இது அவள் வேலை பார்க்கிற கடை இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் வழக்கம்போல இரண்டு அட்டை கேஸ் மாத்திரையை எடுத்து வைத்தார். பதினோரு வருடப் பழக்கம், வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. டிப்போவில் நாங்கள் எல்லாரும் போடுவோம். நேரம் கெட்ட நேரத்தில் புரோட்டாவும் டீயும் தின்றால் நெஞ்சு கரிக்காமல் என்ன செய்யும். அது மருந்தும் இல்லை, பல் தேய்ப்பது மாதிரி ஒரு காலை வேலை. அட்டை என் சட்டைப் பையில்தான் இருக்கும். அவள் கைக்கு அதை விடவில்லை, நல்ல வேளை.

"அண்ணாச்சி, மக்னீசியம் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"கூடிப்போனா வயித்தால போகும். எதுக்குக் கேக்கீங்க?"

"சும்மாதான்."

கூடிப்போனால் வயிற்றால் போகுமாம். இன்னும் கூடிப்போனால் எதால் போகும் என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

5.50. கேஸ் மாத்திரை. கஞ்சியைக் கொல்லையில் முருங்கை மரத்துக்கு ஊற்றினேன்.

மார்ச் 9, ஞாயிறு

5.50. கேஸ் மாத்திரை. காபி. சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன்.

கறி வாங்கப் போய்விட்டுத் திரும்பினால் பீரோவின் இடது டிராயர் ஒற்றைவிரல் அளவு திறந்திருக்கிறது. நான் எப்போதும் அழுத்தி மூடுகிறவன். உள்ளே காகிதங்கள் இடம் மாறியிருந்தன. அந்த டிராயரில்தான் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், இருந்தது. எடுக்கவில்லை. படித்துப் பார்த்திருப்பாள், அல்லது போனில் படம் பிடித்திருப்பாள். வீடு என் பெயரில். எனக்குப் பிறகு யார் பெயருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றும் கேட்கவில்லை. வண்டியில் ஏறியவுடனே கத்துகிறவன் நல்ல செக்கர் இல்லை.

மார்ச் 10, திங்கள்

5.50. கேஸ் மாத்திரை. படபடப்பு அதிகம். பத்து அடிக்கு ஒன்று விடுகிறது.

மத்தியானம் கண் அசந்திருந்தேன். மணிக்கட்டில் ஏதோ குளிர்ந்தது. முழித்தால் பகவதி என் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிறாள். மூன்று விரல் என் நாடியில், பார்வை அவள் கைக்கடிகாரத்தில். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நான் முழித்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"போர்வை வெலகிக் கெடந்துச்சு மாமா" என்றாள்.

போர்வை காலடியில் மடித்து வைத்தது வைத்தபடி இருந்தது. இந்த வெயிலில் எவன் போர்வை போர்த்துகிறான். இன்னும் எத்தனை அடி மிச்சமிருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறாள். அவள் கை லேசாக நடுங்கியதையும் குறித்துக்கொள்கிறேன்.

சர்வீஸில் நான் முகத்தைப் பார்த்ததே இல்லை, கையைத்தான் பார்ப்பேன். தொண்ணூற்றெட்டில் திருச்செந்தூர் வண்டியில் மாசானமுத்து என்று ஒரு கண்டக்டர். ஏறிய மாத்திரத்தில் கண்டுபிடித்தேன், டிக்கெட் கட்டைப் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. எண்ணிப் பார்த்தால் ஏழு பேருக்கு டிக்கெட் இல்லை. கூட்டம் ஜாஸ்தி, கொடுத்துக்கொண்டேதான் வருகிறேன் என்றான். எல்லாரும் சொல்கிற கதை. சஸ்பெண்ட் ஆனான். டிப்போவில் அன்றைக்கு எனக்கு டீயும் வடையும் வாங்கிக்கொடுத்தார்கள். அவன் அதற்கப்புறம் ரொம்ப நாள் இல்லை, நெஞ்சில் ஏதோ என்றார்கள். அது வேறு விஷயம்.

மார்ச் 12, புதன்

5.50. கேஸ் மாத்திரை.

இன்று பிடி கிடைத்துவிட்டது. துணி காயப்போட மாடிக்குப் போனவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் படிக்கட்டில் நின்றேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மாமாவுக்குத் தெரிய வேண்டாங்க. தெரிஞ்சா ஒத்துக்கிட மாட்டாரு. நீங்க வாரதுக்குள்ள நானே முடிச்சிருதேன்."

எதிர்முனையில் என் மகன். அப்படியானால் அவனுக்கும் இதில் பங்கு. இந்த ரிப்போர்ட்டை அவனிடம் கொடுக்க முடியாது. போலீஸ்தான்.

இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு தறிகெட்டு ஓடியது. என் பிள்ளை என்று நினைத்தபோது அழுகை வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

5.50. கேஸ் மாத்திரை.

இன்று முதல் இந்த வீட்டில் பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைப்பதில்லை. கீரை, சுண்டல், கஞ்சி எல்லாம் முருங்கைக்கு. டப்பாவிலிருக்கும் மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே சீட்டுக்கு அண்ணாச்சி கடையில் பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் தனியாக வாங்கிக்கொண்டேன். சாப்பாடு டீக்கடையில்: பன்னும் டீயும், மத்தியானம் புரோட்டா. நெஞ்சு கரிப்பதால் சாயங்காலமும் ஒரு கேஸ் மாத்திரை.

மார்ச் 15, சனி

5.50. கேஸ் மாத்திரை. சாயங்காலம் இன்னொன்று.

மூன்று நாளாக அவள் கைப்பட்ட எதையும் தொடவில்லை. குறைந்திருக்க வேண்டும். ஆனால் கூடியிருக்கிறது. இப்போது நாலு அடிக்கு ஒன்று விடுகிறது, சில சமயம் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தடித்து ஓடுகின்றன. விரல் நுனி மரத்துப்போகிறது. அப்படியென்றால் தண்ணீரில் கலக்கிறாள். இன்றிலிருந்து தண்ணீரும் வெளியில்தான்.

முருங்கை மரம் வாடவில்லை. இரண்டு கொத்து பூகூட விட்டிருக்கிறது. மரத்துக்கு நெஞ்சு கிடையாது.

மத்தியானம் கடையில் வாங்கிய தண்ணீரை டம்ளரில் ஊற்றும்போது கை நடுங்கி மேஜையெல்லாம் சிந்தியது. பகவதி சமையலறை வாசலில் நின்று என் கையையே பார்த்தாள். நான் துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை. தப்பு செய்தவள் அவள்.

மார்ச் 16, ஞாயிறு

5.50. கேஸ் மாத்திரை. இரண்டு.

ரத்தம் எடுக்க ஒரு ஆளை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். ஊசியும் பையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். வெளியே போடா என்றேன். போய்விட்டான்.

"மாமா, நாடி தாறுமாறா ஓடுது. நான் எண்ணிப் பாத்தேன். பயமா இருக்கு. ஒரு ஊசி குத்துறதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

"எண்ணினியோ. எதுக்கு எண்ணுன?"

"எதுக்குன்னா?"

"சாப்பாட்டுல என்ன கலக்கே?"

அவள் கொல்லைக் கதவைப் பார்த்தாள்.

"மரத்துக்கு ஊத்துறது எனக்குத் தெரியும் மாமா. ருசி பிடிக்கலை போலன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அழுகைக்கெல்லாம் நான் மசிகிறவன் இல்லை. பஸ்ஸில் அழாதவன் யார்.

மார்ச் 17, திங்கள்

5.50. கேஸ் மாத்திரை இரண்டு. பகவதி வேலைக்குப் போனதும் கிளம்புகிறேன். இந்தப் புத்தகத்தோடு நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.

மார்ச் 18, செவ்வாய். ஆஸ்பத்திரி

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவில்லை. எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் இடது கையில் ஊசி, நெஞ்சில் ஒயர்கள்.

நேற்று பத்தரை மணிக்கு டவுன் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. கண்டக்டர் இருபத்தைந்து வயசுப் பையன். டிக்கெட் வாங்கக் கை நீட்டினேன். கை நடுங்கியது. என் இஷ்டத்தில் நடுங்கவில்லை, நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. டிக்கெட் கீழே விழுந்தது. அவன் என் கையைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருடம் நான் பார்த்த பார்வை. இப்போது என்ன சொல்லப்போகிறானோ என்று காத்திருந்தேன்.

"ஐயா, ஒடம்பு சரியில்லையா? என் சீட்டுல வந்து உக்காருங்க" என்றான்.

உட்கார்ந்ததுவரை நினைவிருக்கிறது. அப்புறம் ஒரு நீள விசில். வண்டியைப் பயணிகளோடு நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு விட்டார்களாம். நர்ஸ் சொன்னாள்.

இங்கே பார்ப்பது ஜெபராணி என்று ஒரு டாக்டரம்மா. ஐம்பது வயசிருக்கும், சிரிப்பு கிடையாது. ரத்தத்தில் பொட்டாசியம் கம்மியாம். நேற்றிலிருந்து ஏற்றுகிறார்கள். நிற்க மாட்டேன் என்கிறதாம்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை. வேற எதுவும் கிடையாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் பொய் சொல்றவன் இல்லம்மா."

பகவதி கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சியில் இருக்கிறாள். நேற்றிலிருந்து அங்கேயே இருக்கிறாளாம். கடைக்கு லீவு போட்டுவிட்டாளாம். கூடவே இருந்து முடிக்கப் பார்க்கிறாள்.

சாயங்காலம் டாக்டரம்மா தனியாக வந்தபோது இந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். "இதைப் படிங்க. என்ன கலந்திருக்கான்னு உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

மார்ச் 19, புதன்

காலையில் டாக்டரம்மா புத்தகத்தோடு வந்தார். முதல் பக்கத்தைத் திறந்து பேனாவால் காட்டினார்.

"முழுசும் படிச்சேன். நல்லா எழுதியிருக்கீங்க. நாள், நேரம் எதுவும் விடலை. யார் செஞ்சதுன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் முதல் வரியில."

"காபிதானே? நான் நெனச்சேன்."

"காபிக்கு முன்னால."

பார்த்தேன். கேஸ் மாத்திரை என்ற இடத்தையெல்லாம் சிவப்பு மையில் சுழித்திருந்தார்.

"இது எங்க இருக்கு?"

என் சட்டை கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஆறு மாத்திரை மிச்சம் இருந்தது.

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு. அது மருந்தில்லம்மா."

"நேத்து கேட்டப்ப இதை ஏன் காட்டலை?"

எத்தனை ஆயிரம் பேரிடம் எடுத்துக் காட்டு என்று கை நீட்டியிருக்கிறேன். எடுக்கவில்லையா, தொலைத்துவிட்டாயா, ஏன் மறைத்தாய் என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் என்னைப் போலத்தான் முழித்தார்கள்.

அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் சிலருக்குக் குடல் மக்னீசியத்தை உள்ளே எடுக்காதாம். இருக்கிற கொஞ்சத்தையும் புதிதாக வந்த நீர் மாத்திரை சிறுநீரில் இறக்கிவிட்டிருக்கிறது. போதாததற்கு, கிடைக்கிற கீரையையும் விதையையும் நான் மரத்துக்கு ஊற்றிவிட்டு, மாத்திரையை இரண்டாக்கியிருக்கிறேன்.

"நேத்து ராத்திரியே டெஸ்டுக்கு அனுப்பினேன். மக்னீசியம் கொறஞ்சது ஒண்ணே முக்காலாவது இருக்கணும். உங்களுக்கு ஒண்ணுகூட இல்லை. பொட்டாசியத்தைச் செல்லுக்குள்ள பிடிச்சு வைக்கிறதே அதுதான். அது இல்லாம நாங்க எவ்வளவு ஏத்தினாலும் ஒழுகிரும். அது ரெண்டும் கொறஞ்சா இதயம் கண்ட இடத்துலருந்தெல்லாம் தானா துடிக்க ஆரம்பிக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நின்னிருக்கும்."

எனக்கு இப்படிப் புரிந்தது: விசில் கொடுக்க ஆள் இல்லாத வண்டி. டிரைவர் தன் இஷ்டத்துக்கு எடுக்கிறான், நிறுத்துகிறான். இத்தனை நாளாக நான் வண்டியின் கண்டக்டரைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஓட்டியிருக்கிறேன்.

"மக்னீசியத்தை டெஸ்ட் பண்ணச் சொல்லி முதல் நாளே கேட்டது யார் தெரியுமா? உங்க மருமக. நான்தான் முதல்ல பொட்டாசியத்தைப் பாப்போம்னேன்." புத்தகத்தை என் மடியில் வைத்தார். "இதை நான் யார்கிட்டயும் காட்டலை. சொல்றதா இருந்தா நீங்களே சொல்லுங்க."

இப்போது மக்னீசியம் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கையெல்லாம் சூடாக இருக்கிறது. புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கொளுத்திவிட வேண்டும். அவள் கண்ணில் படக்கூடாது.

மார்ச் 20, வியாழன்

எழுதுவது பகவதி. மாமாவை வார்டுக்கு மாற்றியபோது நர்ஸ் அவருடைய கண்ணாடி, சட்டையோடு இந்தப் புத்தகத்தையும் என்னிடம் கொடுத்தார். நாள் விட்டுப்போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

காலை 5.50. கேஸ் மாத்திரை இல்லை. நாடி 84. ஒரு நிமிடத்தில் விட்டது ஐந்து. மக்னீசியம் இரண்டாவது பாட்டில். இட்லி இரண்டு சாப்பிட்டார். செய்தது கேன்டீன், நான் இல்லை. மதியம் அவர் மகன் வந்து சேர்ந்தார்.

மார்ச் 21, வெள்ளி

5.50. கேஸ் மாத்திரை இல்லை. நாடி 78. விட்டது ஒன்று. பொட்டாசியம் இப்போது உடம்பில் நிற்கிறது. மாமா தூங்கும்போது எண்ணினேன்.

மார்ச் 22, சனி

5.50. நாடி 74. விட்டது இல்லை. இரண்டு முறை எண்ணினேன்.

மார்ச் 23, ஞாயிறு. வீடு

5.50 எழுந்தேன். கேஸ் மாத்திரை இல்லை. கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. நெஞ்சு கரித்தால் போட டாக்டரம்மா வேறு ஏதோ எழுதியிருக்கிறார், நீர் மாத்திரையையும் மாற்றிவிட்டார்.

புத்தகம் மேஜையில், என் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று நாள் பதிவை அவள் கையெழுத்தில் பார்த்ததும் உடம்பு கூசிப்போனது. முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். நான் காலியாக விட்டிருந்த விளக்கக் கட்டங்களில் நீல மையில் சின்னச் சின்ன எழுத்து.

மார்ச் 9 பக்கத்தில்: 'டிராயரில் தேடியது மாமா ரிட்டையர் ஆனபோது எடுத்த பழைய ஈசிஜி. இதய டாக்டரிடம் நேரம் கேட்டபோது அதைக் கொண்டுவரச் சொன்னார்கள். கிடைக்கவில்லை. பத்திரத்தைப் பார்க்கவில்லை.'

மார்ச் 10 பக்கத்தில்: 'நாடி பார்த்தேன். போர்வை என்று சொன்னது பொய். சொன்னால் பயப்படுவார் என்று நினைத்தேன். கை நடுங்கியது எனக்குப் பயமாக இருந்ததால்.'

மார்ச் 12 பக்கத்தில்: 'முடித்துவிடுகிறேன் என்றது டாக்டரிடம் நேரம் வாங்குவதை. பதினெட்டாம் தேதிக்கு வாங்கியிருந்தேன்.'

மார்ச் 3 பக்கத்திலும் ஒன்று இருந்தது: 'டப்பா வாங்கும்போது வேறு மாத்திரை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். கொடியில் தொங்கும் சட்டையின் பையைப் பார்த்திருக்க வேண்டும். மாமா பை என்பதால் பார்க்கவில்லை. என் தவறு.'

அவள் தவறாம். அந்தப் பக்கத்தை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

கஞ்சி கொண்டு வந்தாள். மேலே பச்சைப் பொடி.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சேன் மாமா."

"கோமதிநாயகம் படிச்சானா?"

"அவங்ககிட்ட காட்டலை."

"என்மேல கோவம் இல்லையா பகவதி?"

"இருக்கு." டம்ளரை நகர்த்தி வைத்தாள். "நெறைய இருக்கு. போறதுக்கு நாளாகும். கஞ்சி ஆறுது, குடிங்க."

"தப்புதான் தாயி. மன்னிச்சிரு" என்றேன். வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத சொல். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

மார்ச் 24, திங்கள்

5.50. கேஸ் மாத்திரை இல்லை. நாடி 72. எண்ணியது பகவதி, முழித்திருக்கும்போதே.

புத்தகத்தைக் கொளுத்தவில்லை. கடைசிப் பக்கம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதில் மேலே இப்படி எழுதினேன்: நாள், 1998 ஆகஸ்ட் 11. இடம், திருச்செந்தூர் வண்டி. நடத்துநர், மாசானமுத்து. அடியில் இருக்கும் கட்டத்துக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்தேன்.

அன்று அசல் ரிப்போர்ட்டின் அந்தக் கட்டத்தில் நான் எழுதியது, 'விளக்கம் தர மறுத்துவிட்டார்' என்பது. அவன் மறுக்கவில்லை. எழுதத்தான் உட்கார்ந்தான். பேனா கையில் நிற்கவில்லை, இரண்டு முறை கீழே விழுந்தது. "நாலு நாளா வயித்தால போகுது சார், நெஞ்செல்லாம் படபடங்கு, செத்த நேரம் பொறுங்க, எழுதிருதேன்" என்றான். எனக்கு அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதத்தில் அவன் செத்துப்போனான், சஸ்பெண்டிலேயே. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். அவனுக்கு என்ன குறைந்திருந்தது என்று எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் புத்தகத்திலும் பத்தாம் தேதி பாதியைத்தான் எழுதினேன்.

அவன் மனைவி கிருஷ்ணாபுரத்தில் இருப்பதாகக் கேள்வி. நாளை போகிறேன். பகவதியிடம் சொன்னேன். பக்கத்தை வாங்கி முழுவதும் படித்தாள். "தனியாப் போக வேண்டாம் மாமா, நானும் வாரேன்" என்றாள். அந்த அம்மாள் கதவைச் சாத்தினாலும் சாத்தலாம். சாத்தட்டும்.

கட்டத்தில் எழுதியது இவ்வளவுதான்: 'நடத்துநர் விளக்கம் தர மறுக்கவில்லை. உடம்பு சரியில்லாமல் கை நடுங்கியது. நான் பொறுக்கவில்லை. ஆ. ஆவுடையப்பன், செக்கிங் இன்ஸ்பெக்டர்.'

எழுதி முடித்து என் கையைப் பார்த்தேன். கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இன்றைக்கு நடுங்கியிருக்கலாம்.